ஆயில் கிரீக் பள்ளத்தாக்கு: கசியும் பழைய எண்ணெய்க் கிணறுகளை அரசு அடைக்கும் விதம் (நிகழ்வு ஆய்வு)

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், டைட்டஸ்வில் ஊரை ஒட்டி, 1859 ஆகஸ்ட் கடைசியில் எட்வின் டிரேக்கின் ஆட்கள் 69.5 அடி ஆழத்தில் எண்ணெய் கண்டார்கள். பக்கத்தில் ஓடும் ஓடையின் பெயர் ஆயில் கிரீக். அது தெற்கே ஓடி, ஆயில் சிட்டி என்ற ஊரில் அலிகேனி ஆற்றில் கலக்கிறது. அலிகேனி பிட்ஸ்பர்க் நகருக்குக் குடிநீர் தந்துவிட்டு, அங்கேயே ஒஹையோ ஆற்றின் ஒரு பாதியாகிறது. டைட்டஸ்வில்லுக்கும் ஆயில் சிட்டிக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கில் 1860-களில் கிணறுகள் சில மீட்டர் இடைவெளியில் நெருக்கி நெருக்கித் தோண்டப்பட்டன. கரையில், மலைச்சரிவில், ஓடையின் படுகையிலேயேகூடத் தோண்டினார்கள். வற்றியதும் அப்படியே விட்டுப் போனார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கையும் அதைச் சூழ்ந்த அலிகேனி வடிநிலத்தையும் வைத்து, கசியும் பழைய கிணறுகளை அரசு எப்படிக் கையாள்கிறது என்று இங்கே பார்க்கிறோம். எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அரசின் ஏற்பாடு முழுவதும் ஒற்றைக் கிணற்றை அலகாக வைத்துக் கட்டப்பட்டது. கிணற்றுக்கு ஓர் எண், முன்னுரிமைக்கு ஒரு மதிப்பெண், ஒரு ஒப்பந்தம், ஒரு மானியம் என்று போகிறது கணக்கு. கசிவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. நிலத்தடியில் மொத்தப் பள்ளத்தாக்கும் ஒன்றோடொன்று தொடர்புடைய ஒரே அமைப்பு. வேலை பலிக்காமல் போகிற இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இதில்தான் இருக்கிறது.

கசிவதன் காரணம்

எண்ணெய் எடுத்த காலத்து வாயு அழுத்தம் எப்போதோ தீர்ந்துவிட்டது. பிறகு எது எண்ணெயை மேலே தள்ளுகிறது என்றால், பெரும்பாலும் தண்ணீர்தான். மலைச்சரிவில் உறைக்குழாய் (துளையின் சுவரைக் காக்கும் இரும்புக் குழாய்) இல்லாமல் திறந்து கிடக்கும் துளைகள் வழியாக மழைநீரும் மேல்மட்ட நிலத்தடி நீரும் எண்ணெய் மணற்பாறைக்குள் இறங்குகின்றன. பள்ளத்தாக்கின் தரைமட்டம் அந்தச் சரிவைவிடப் பல பத்து மீட்டர் தாழ்வு. உயரத்தில் இறங்கிய நீரின் அழுத்தம் தாழ்வான இடத்தில் எந்தத் துளை திறந்திருக்கிறதோ அதன் வழியே வெளியேறப் பார்க்கும். போகும்போது பாறையில் எஞ்சியிருக்கும் எண்ணெயையும் உப்புநீரையும் கொஞ்சம் வாயுவையும் கூட்டிக்கொண்டு போகும். பனி உருகும் மார்ச், ஏப்ரலில் கசிவு கூடி, ஆகஸ்டில் அடங்கிவிடுவதற்கும் இதுவே காரணம். கோடையில் ஆய்வுக்கு வருபவர் காய்ந்த கிணறு என்று எழுதிவைத்துப் போனது, அடுத்த வசந்தத்தில் ஓடையில் படலம் விடும்.

துளை திறந்து கிடப்பதற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. தொடக்க காலத்தில் மேல்நீரைத் தடுக்க, ஆளிவிதை அடைத்த தோல்பையைக் குழாயைச் சுற்றிக் கட்டி இறக்கினார்கள். விதை ஊறிப் பருத்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். குழாயை உருவி எடுத்தால் பையும் போயிற்று, தடுப்பும் போயிற்று. கிணற்றை மூடவேண்டும் என்ற சட்டங்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வந்தன. ஆனால் அவற்றுக்கு ஆற்றின் மேல் அக்கறை இல்லை; பக்கத்து வயலின் எண்ணெய் மணலில் தண்ணீர் புகுந்து உற்பத்தி கெடக்கூடாது என்பதே நோக்கம். அதனால் மூடுவதற்கு மரக்கட்டை, கல், மண் என்று கையில் கிடைத்ததெல்லாம் போதுமானதாக இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது இரும்புத் தேவைக்காகப் பல கிணறுகளின் உறைக்குழாய்களையும் பிடுங்கி எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 1860-களின் நடுவிலிருந்து உற்பத்தியைக் கூட்டக் கிணற்றடியில் வெடிவைக்கும் வழக்கம் பரவியது. முதலில் வெடிமருந்து, பிறகு நைட்ரோகிளிசரின். வெடித்த இடத்தில் துளை குகைபோல் அகன்று, பக்கவாட்டில் வெடிப்புகள் ஓடின. நெருக்கமாகத் தோண்டிய கிணறுகளுக்கு நடுவே வழி திறந்ததில் இதற்கும் பங்கு உண்டு. கிணற்றை அடைக்கும் சிமெண்டின் கணக்கைத் தவறவைப்பதும் இதுதான். அதற்குக் கீழே வருகிறோம்.

யார் பொறுப்பு, எந்தப் பணம்

மாநிலச் சட்டத்தில் 1985 ஏப்ரல் 18 ஒரு கோடு. அந்தத் தேதிக்கு முன்பே கைவிடப்பட்டு, இப்போதைய உரிமையாளரோ இயக்குநரோ கை வைக்காத, நில உரிமைக்கு அப்பால் அவர்கள் எந்தப் பொருளாதாரப் பயனும் பெறாத கிணறு ‘அனாதைக் கிணறு’ என்று வகைப்படும். அதை அடைக்கும் பொறுப்பு மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையின் தலையில் விழுகிறது. பொறுப்பானவர் கண்டுபிடிக்கப்பட்டால் செலவு அவருடையது. நடைமுறையில், 1870-இல் கலைந்துபோன ஒரு கூட்டு நிறுவனத்தின் வாரிசைத் தேடிக்கொண்டு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

மாநிலத்தின் சொந்த நிதி, புதிய கிணறு தோண்டும் அனுமதிக் கட்டணத்தோடு சேர்த்து வாங்கும் கூடுதல் தொகை. கைவிடப்பட்ட கிணறுகளுக்காக ஒரு அனுமதிக்கு 50 டாலர். அனாதைக் கிணறுகளுக்காக எண்ணெய்க் கிணறு என்றால் 100, வாயுக் கிணறு என்றால் 200 டாலர். புதிதாகத் தோண்டுவது குறைந்தால் பழையதை அடைக்கும் பணமும் குறையும் என்கிற இந்த அமைப்பை யார் யோசித்தார்களோ! ஒரு கிணற்றை அடைக்கச் சில பத்தாயிரம் டாலரிலிருந்து, இடம் மோசமாக இருந்தால் லட்சங்கள் வரை ஆகும். மாநிலத்தில் பதிவான அனாதைக் கிணறுகள் மட்டும் 2023 வாக்கில் சுமார் 27,000. பதிவாகாதவற்றையும் சேர்த்த மதிப்பீடுகள் மூன்று லட்சத்தில் தொடங்கி ஏழு லட்சத்துக்கு மேல் போகின்றன.

கசிவு நீர்நிலையைத் தொட்டால் மத்திய அரசு நுழைய வழி உண்டு. தூய நீர்ச் சட்டத்தின் 311-ஆம் பிரிவும் 1990-ஆம் ஆண்டின் எண்ணெய் மாசுச் சட்டமும் இதற்கு அடிப்படை. கடலோரம் என்றால் கடலோரக் காவல் படை, உள்நாடு என்றால் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. முகமையின் களப் பொறுப்பாளர், எண்ணெய்க் கசிவுப் பொறுப்பு அறக்கட்டளை நிதியிலிருந்து பணம் திறக்கச் சொல்லலாம். அந்த நிதியை நிர்வகிப்பது கடலோரக் காவல் படையின் கீழ் உள்ள ஒரு மையம். அவசரத் துப்புரவுக்கென்று ஆண்டுக்கு 5 கோடி டாலர் அதில் கிடைக்கும். அது நாடு முழுவதற்குமான தொகை.

இந்தப் பணத்தின் எல்லைகளைத் தெரிந்துகொள்ளாமல் விண்ணப்பம் எழுதினால் திரும்பி வரும். நீரில் கண்ணுக்குத் தெரியும் எண்ணெய்ப் படலம் இருக்கவேண்டும், அல்லது எண்ணெய் நீரை அடையும் கணிசமான ஆபத்தையாவது காட்டவேண்டும். வாயு மட்டும் கசிந்தால் இந்த நிதி கிடையாது. வெறும் உப்புநீர் என்றாலும் கிடையாது. சூப்பர்ஃபண்ட் என்று பேர்பெற்ற நச்சுக்கழிவு நிதியிலிருந்து எடுக்கலாமே என்றால், அந்தச் சட்டம் கச்சா எண்ணெயைத் தெளிவாக விலக்கி வைத்திருக்கிறது. ஆக, ஓடையில் படலம் விடும் கிணறு முன்னால் போகும். அதற்கு நீரூட்டும் சரிவுக் கிணறு, ஒரு சொட்டு எண்ணெயும் வெளியே காட்டாததால், பட்டியலில் கீழேயே கிடக்கும்.

முதல் நாட்கள்: ஓடையில் செய்வது

புகார் வந்ததும் முதல் வேலை, அது எண்ணெய்தானா என்று பார்ப்பது. இரும்பு மிகுந்த ஊற்றுகளில் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் படலமும் வானவில் நிறம் காட்டும். ஒரு குச்சியால் கலக்கினால், பாக்டீரியாப் படலம் கண்ணாடிச் சில்லுபோல் உடைந்து துண்டு துண்டாக நிற்கும். எண்ணெய்ப் படலம் சுழன்று மீண்டும் ஒட்டிக்கொள்ளும். பெட்ரோலிய வாடையும் உதவும். பழைய எண்ணெய் நாட்டில் இரண்டும் ஒரே ஓடையில் இருப்பது சகஜம் என்பதால், இந்தச் சோதனையைப் பல இடங்களில் செய்யவேண்டும்.

படலத்தின் பரப்பைப் பார்த்து அளவை மிகைப்படுத்துவது அடுத்த பிழை. வானவில் நிறம் தெரியத் தொடங்கும் தடிமன் ஏறத்தாழ 0.3 மைக்ரான். ஒரு லிட்டர் எண்ணெய் அந்தத் தடிமனில் 3,300 சதுர மீட்டருக்கு மேல் பரவும். ஓடை முழுக்க நிறமாக இருக்கிறது என்றால் கிணற்றிலிருந்து நாளொன்றுக்குச் சில லிட்டர்தான் வருகிறது என்றும் இருக்கலாம். உறிஞ்சு மிதவைகளை எத்தனை வாங்குவது என்பது இந்தக் கணக்கைப் பொறுத்தது.

ஓடையின் குறுக்கே மிதவைத் தடுப்பை நேர்க்கோட்டில் கட்டுவதுதான் அடிக்கடி காணும் தவறு. தடுப்பின் மேல் செங்குத்தாக மோதும் நீரின் வேகம் விநாடிக்குச் சுமார் 35 செ.மீ.-ஐத் தாண்டினால் எண்ணெய் அடியில் நழுவிப் போய்விடும். ஓட்டம் விநாடிக்கு 70 செ.மீ. என்றால், தடுப்பை ஓட்டத்தின் திசைக்கு 30 பாகையில் சாய்த்துக் கட்டினால்தான் செங்குத்து வேகம் அந்த எல்லைக்குள் அடங்கும். சாய்வின் கீழ்முனை அமைதியான கரையோரத்தில் முடியவேண்டும்; எண்ணெய் அங்கே சேரும், அங்கிருந்து அள்ளலாம். எண்ணெய் குடித்து நிறைந்த உறிஞ்சு மிதவையை மாற்றாமல் விட்டால் குடித்ததைத் திரும்பக் கக்கும். மழைக்கு முன்பே மாற்றிவிடவேண்டும்.

சின்ன ஓடைக்கு மிதவையைவிடச் சிறந்தது அடிவழி அணை. மண்மூட்டைகளால் ஓடையை மறித்து, அதற்குள் குழாய்களைச் சாய்வாகப் பதிப்பார்கள். மேல்புற வாய் ஓடையின் அடிமட்டத்தில், நீருக்குள் மூழ்கியிருக்கும். வெளியேறும் வாய் உயரத்தில் இருக்கும். நீர் அடியிலிருந்து வெளியேற, எண்ணெய் அணைக்கு மேல்புறத்தில் தேங்கி நிற்கும். தேங்கும் மட்டத்தைத் தீர்மானிப்பது வெளிவாயின் உயரம். குழாய்களின் எண்ணிக்கை சாதாரண ஓட்டத்துக்குக் கணக்கிடப்பட்டிருந்தால், முதல் பெருமழையிலேயே அணை வழிந்து, சேர்த்து வைத்த எண்ணெய் எல்லாம் ஒரே நேரத்தில் ஆற்றுக்குப் போய்விடும். ஓரத்தில் அகலமான வழிந்தோடி விடுவதும், மழை அறிவிப்பு வந்தவுடன் தேங்கிய எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிடுவதும் கட்டாயம். இவை எல்லாம் நேரம் வாங்கித் தருகின்றன. கசிவு நிற்பது கிணற்றை அடைத்தால்தான்.

கிணற்றைத் தேடுவது

படலம் தொடங்கும் இடமும் கிணறு இருக்கும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. சரளைப் படுகைக்குள் எண்ணெய் கொஞ்ச தூரம் பயணம் செய்யும். பழைய பண்ணை எல்லை வரைபடங்கள் முதல் துணை. தேசிய ஆற்றல் தொழில்நுட்ப ஆய்வகம் ஹெலிகாப்டரில் காந்தமானியைக் கட்டி மாநிலப் பூங்காக்களின் மேல் பறந்து கிணறுகளைத் தேடியிருக்கிறது. காந்தமானி இரும்பைத்தான் காணும். உறைக்குழாய் பிடுங்கப்பட்ட துளையைக் காணாது. கசிவில் மோசமானவையும் பெரும்பாலும் அப்படிப்பட்ட துளைகளே. அங்கே லேசர் உயர அளவீட்டில் தெரியும் சிறு குழிகள், பழைய எஞ்சின் அடித்தளங்கள், தேங்கிய உப்பால் செடி முளைக்காத திட்டுகள், நடந்து பார்க்கும் கண்கள் இவைதான் வழி. ஓடை நீரின் மின்கடத்துதிறனைச் சில மீட்டருக்கு ஒருமுறை அளந்துகொண்டு மேல்நோக்கி நடந்தால், உப்புநீர் நுழையும் இடம் எண் ஏற்றமாகக் காட்டிக்கொடுக்கும். மலிவான முறை. அதிகம் பயன்படுத்தப்படுவதில்லை.

அடைக்கும் வேலை

ஆற்றங்கரையில் பாதி நேரம் அனுமதிக்குப் போகும். நீர்வழியில் இடையூறு, மண்ணரிப்பு ஆகிய இரண்டுக்கும் மாநில விதிகள் தனித்தனி. அலிகேனியிலும் அதன் துணையாறுகளிலும் கிளப்ஷெல், நார்தர்ன் ரிஃபிள்ஷெல் என்ற அருகிவரும் நன்னீர்ச் சிப்பிகள் வாழ்கின்றன. அவை இருக்கும் படுகையில் வண்டி இறக்குவதற்கு முன் கணக்கெடுக்கவேண்டும். ட்ரௌட் மீன் காலங்களில் ஓடைக்குள் வேலைக்குத் தடை உண்டு. எல்லாவற்றையும் கழித்தால் எஞ்சுவது கோடையின் பிற்பகுதி. நீர் குறைவான காலமும் அதுவே என்பது ஒரு நல்வாய்ப்பு.

தளம் தயாரிப்பில் மரப் பலகை விரிப்பு, ரிக் எனப்படும் துளையிடும் எந்திரத்துக்கு அடியில் கசியாத தாள், கிணற்றிலிருந்து வருவதைப் பிடிக்க மூடிய தொட்டிகள் வேண்டும். ஆற்றோரத்தில் மண்குழி வெட்டித் திரவத்தை விடவே கூடாது. வாயுமானி எரிதல் கீழ்வரம்பில் (வாயு தீப்பிடிக்கக்கூடிய மிகக் குறைந்த செறிவில்) 10 விழுக்காட்டைக் காட்டினால் வேலையை நிறுத்துவது வழக்கம்.

குழாய் இல்லாத துளை என்றால், முதலில் ஒரு புதிய மேற்குழாயை இறக்கி, அதைச் சுற்றிச் சிமெண்ட் இட்டு இறுக்கவேண்டும். இதைத் தாவிப் போனால், கீழே சுத்தம் செய்யும்போது திரவம் துளை வழியாக மேலே வராமல் தளர்ந்த சரளை வழியாக ஓடைக்குள் போய்விடும். தன் வேலையாலேயே கசிவை உண்டாக்கும் ஒப்பந்தக்காரர்கள் இப்படித்தான் உண்டாக்குகிறார்கள்.

அடுத்தது சுத்தம் செய்தல். எட்டக்கூடிய அடிவரை போகவேண்டும். வழியில் மரக்கட்டைகள், கல், உடைந்த கம்பிகள், அறுந்த துளைக்கருவி, துருப்பிடித்த குழாய்த் துண்டுகள் குறுக்கிடும். குழாய்த் துண்டை உள்ளிருந்து பிடிக்க ஒரு கருவி, வெளியிலிருந்து கவ்வ ஒரு கருவி. பழைய வடக்கயிற்று ரிக் இந்த வேலைக்கு இன்னமும் உதவுகிறது. அடித்து, வாளியால் அள்ளி, மறுபடி அடிக்கலாம். மரக்கட்டையைக் கீழே தள்ளிவிட்டு மேலே சிமெண்ட் ஊற்றிவிடலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். கட்டை பாதியில் மாட்டிக்கொண்டால், எண்ணெய் மணல் அதற்குக் கீழே அடைபடாமலே கிடக்கும். மேலே நல்ல சிமெண்ட், அடியில் அழுத்தம்: சில ஆண்டுகளில் பக்கத்துப் பாறை வெடிப்பு வழியாக வெளியே வரும். குழாயைச் சுற்றி சிமெண்ட் இல்லாவிட்டால் குழாயை அறுத்து உருவவேண்டும், இல்லையேல் துளையிட்டு வெளியே சிமெண்டைத் தள்ளவேண்டும். குழாய்க்குள் மட்டும் அடைத்த கிணறு அடைத்த கிணறு ஆகாது.

பிறகு சுவரைக் கழுவுதல். பென்சில்வேனியா எண்ணெய் மெழுகு மிகுந்தது. பாறைச் சுவரில் மெழுகுப் பூச்சு இருந்தால் சிமெண்ட் ஒட்டாது. வெந்நீரும் சோப்புத்தன்மையுள்ள கரைசலும் சுற்றவிட்டு, திரும்பி வரும் நீரில் எண்ணெய் வருவது நிற்கும்வரை கழுவவேண்டும்.

சிமெண்ட் அளவு இப்படி வரும். ஏ வகை கிணற்றுச் சிமெண்ட் ஒரு மூட்டை 94 பவுண்டு, அதாவது 42.6 கிலோ. அதற்கு 19.7 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் லிட்டருக்கு 1.87 கிலோ அடர்த்தியில் 33.4 லிட்டர் குழம்பு கிடைக்கும். 6 அங்குல விட்டமுள்ள துளையில் 50 அடி உயர அடைப்புக்கு வேண்டியது 278 லிட்டர், எட்டு மூட்டைக்குச் சற்றுக் கூடுதல். 200 மீட்டர் முழுத் துளைக்கும் சுமார் 110 மூட்டை. ஆனால் வெடிவைத்து அகன்ற பகுதியில் இந்தக் கணக்கு செல்லாது. விட்டமானியை இறக்கி அளந்தால் தெரியும். அளக்க முடியாத இடத்தில், குகையைக் கழுவிய சிறுகூழாங்கல்லால் நிரப்பிவிட்டு அதன்மேல் சிமெண்ட் நிறுத்துவார்கள். தண்ணீரைக் கூட்டிக் குழம்பை நீட்டிப்பது மட்டும் கூடாது. தண்ணீர் மேலே பிரிந்து நின்று, சிமெண்டில் அது வழியாகிவிடும்.

சிமெண்டை மேலிருந்து கொட்டாமல், அடிவரை இறக்கிய குழாய் வழியாக அனுப்புவார்கள். குழாயின் உள்ளேயும் வெளியேயும் மட்டம் சமமாகும் அளவுக்குப் பின்னால் தண்ணீர் தள்ளி, குழாயை மெதுவாக உருவவேண்டும். வேகமாக உருவினால் உறிஞ்சல் ஏற்பட்டு எண்ணெய் உள்ளே புகும். இறுகக் காத்திருந்து, குழாயை மறுபடி இறக்கித் தொட்டுப் பார்த்து, அடைப்பு எதிர்பார்த்த ஆழத்தில் கெட்டியாக நிற்கிறதா என்று உறுதிசெய்வார்கள். அங்கே நிலத்தடி குளிர்ந்தே இருக்கும். 10 பாகை செல்சியஸ் அளவில் சிமெண்ட் சோம்பல்படும். 2 விழுக்காடு வரை கால்சியம் குளோரைடு சேர்ப்பது அதனால்தான்.

வாயு இருக்கும் கிணற்றில் இறுகும் நேரமே ஆபத்தான நேரம். குழம்பு திரவமாக இருக்கும்வரை அதன் எடை வாயுவை அழுத்தி வைக்கும். கூழாகத் தொடங்கியதும், தன் எடையைச் சுவரில் தொங்கவிட்டு, அடியில் அழுத்தம் குறைந்துபோகும். இன்னும் கெட்டிப்படவில்லை, அழுத்தமும் இல்லை. அந்த இடைவேளையில் வாயு ஏறி மெல்லிய நாளங்களை விட்டுச் செல்லும். குறுகிய உயரங்களில் கட்டம் கட்டமாக ஊற்றுவதும், வேகமாக இறுகும் கலவையும் இதற்கு மருந்து. முடிந்தபின் கிணற்றுவாயில் நீர் நிரப்பிக் குமிழி பார்ப்பார்கள். எத்தனையோ கருவிகள் வந்தும், ஒப்பந்தக்காரரின் பட்டியலுக்குப் பணம் கொடுக்கலாமா என்பதைப் பெரும்பாலும் இந்தக் குமிழிதான் முடிவுசெய்கிறது. கடைசியில் இடத்தைக் காட்டும் நிரந்தர அடையாளம் நட்டு, அடைப்புச் சான்றிதழைத் துறையில் தாக்கல் செய்யவேண்டும்.

அடைத்த பிறகு வரும் கசிவு

கரையோரக் கிணறு நன்றாக அடைபட்டுவிட்டது, சான்றிதழும் வந்துவிட்டது. அடுத்த வசந்தத்தில் முப்பது மீட்டர் தள்ளி, யாருக்கும் தெரியாத ஒரு துளையிலிருந்து எண்ணெய் வருகிறது. முதல் அடைப்பு தோற்கவில்லை. அது வெற்றி பெற்றதால்தான் இது நடக்கிறது. அழுத்தம் வெளியேறிய வாசலை மூடினால் அது அடுத்த தாழ்வான வாசலைத் தேடும். ஆனால் ஒப்பந்தத்தில் அந்தத் துளை இல்லை, ரிக் போய்விட்டது, நிலத்தில் நுழையும் அனுமதி காலாவதி. மறுபடி தொடக்கத்திலிருந்து.

ரிக்கைக் கொண்டுவந்து நிறுத்துவதே செலவில் பெரும்பகுதி. ஆகையால் ஒரு கிளைப் பள்ளத்தாக்கை எடுத்து, சரிவில் நீர் இறங்கும் துளைகளை முதலில் அடைத்து, படிப்படியாகக் கீழே வந்து கரைக்கிணற்றைக் கடைசியில் அடைப்பது அழுத்தத்தையும் குறைக்கும், பணத்தையும் மிச்சப்படுத்தும். அதுவரை கரையில் அடிவழி அணை நிற்கவேண்டும். அவசர நிதி இதற்கு ஏற்றதல்ல, அது ஆற்றில் தெரிவதற்கே பணம் தரும். மாநிலம் அருகருகே உள்ள கிணறுகளைக் கட்டாக ஒப்பந்தம் விடுவது சரியான திசைதான். ஆனால் கட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சாலை வசதியும் நில உரிமையும். நிலத்தடித் தொடர்பு அல்ல.

2021-க்குப் பின்

2021 நவம்பரில் நிறைவேறிய மத்திய உள்கட்டமைப்புச் சட்டம் அனாதைக் கிணறுகளுக்கு சுமார் 470 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் பெரும்பங்கு மாநிலங்களுக்கு. பென்சில்வேனியாவுக்கு முதல் சுற்றில் குறிக்கப்பட்டது ஏறத்தாழ 10.4 கோடி, அதில் 2.5 கோடி தொடக்க மானியம். வாயுக் கசிவும் இதில் அடங்கும், மீத்தேன் அளவீட்டுக்கும் இடம் உண்டு. பழைய நிதியின் பெரிய ஓட்டை இங்கே அடைபட்டது. 2024-க்குள் இந்தப் பணத்தில் அடைத்த கிணறுகள் 200-ஐத் தாண்டின. 27,000-க்கு எதிரே 200 என்று சிரிப்பவர்கள், முன்பு ஆண்டுக்கு எத்தனை அடைபட்டது என்பதையும் பார்க்கவேண்டும்.

மறுபக்கத்தில் 2022-இல் மாநிலம் நிறைவேற்றிய 96-ஆம் சட்டம். வழக்கமான (ஷேல் பாறையில் தோண்டாத) கிணறுகளை அடைக்காமல் விட்டுப் போகாதிருக்க இயக்குநர் கட்டும் பிணைத்தொகையை, ஒரு கிணற்றுக்கு 2,500 டாலர் என்பதை, விதிமுறை மூலம் உயர்த்தும் அதிகாரத்தைப் பத்தாண்டுகளுக்கு அது முடக்கியது. 1985 ஏப்ரலுக்கு முன் தோண்டியவற்றுக்குப் பிணையே கிடையாது என்பது முன்பே இருந்தது. அதே சட்டத்தின் வழியே வந்த மானியத் திட்டத்தில், 3,000 அடிவரை ஆழமுள்ள கிணற்றை அடைப்பவருக்கு உச்சமாக 40,000 டாலர், அதற்கு மேல் 70,000. அடைக்க 40,000 என்று அரசே ஒரு கையால் எழுதுகிறது. பிணையாக 2,500 போதும் என்று மறு கையால் எழுதுகிறது. இடைவெளி அடுத்த தலைமுறை அனாதைக் கிணறுகளாக வந்து சேரும். கிணற்றுக்கு இவ்வளவு என்ற உச்சவரம்பும் ஆற்றங்கரைக்குப் பொருந்தவில்லை. அணை, விரிப்பு, சிப்பிக் கணக்கெடுப்பு என்று ஏறும் செலவால் ஒப்பந்தக்காரர் மேட்டுநிலத்துச் சுலபக் கிணற்றைத்தான் தேர்ந்தெடுப்பார்.

2025 தொடக்கத்தில் மத்திய அரசு உள்கட்டமைப்புப் பணத்தை நிறுத்தி வைத்தபோது ஆளுநர் ஜோஷ் ஷாப்பிரோ பிப்ரவரியில் வழக்குத் தொடுத்தார். அந்த மாதக் கடைசியில் பணம் திறந்தது. சில வாரத் தடைதான். ஆனால் ஆற்றங்கரைக் கிணற்றுக்குக் கோடையின் பிற்பகுதி மட்டுமே வேலைக்காலம். அனுமதிக்கான கணக்கெடுப்பு வசந்தத்தில் தொடங்காவிட்டால் அந்தக் கோடை போயிற்று. தடுப்பணையையும் மிதவைகளையும் இன்னொரு ஆண்டு பராமரிக்கும் செலவு அப்போது யார் கணக்கில் ஏறும் என்பதை, ஒப்பந்தம் போடும்போதே எழுதி வைப்பது நல்லது.